பதினோரு பல்லும் பதினான்கு பல்லும்

பழைய கார் ஒன்றைத் தேடி வாங்கி, துருவை நீக்கி, வர்ணம் தீட்டி, அதன் களைத்துப்போன யந்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்த வேறொன்றைப் பொருத்த வேண்டுமென்று ஆசைப்படுகிறவர், முதலில் பானெட்டைத்தான் திறந்து பார்க்கிறார். யந்திரம் உள்ளே அடங்குமா, ரேடியேட்டர் போதுமா, ஸ்டியரிங் தண்டில் இடிக்குமா என்ற கேள்விகளெல்லாம் முன்பக்கத்தில் எழுந்து முன்பக்கத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. காரின் பின்புறத்தில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், எண்ணெயும் புழுதியும் படிந்த இரும்புப் பானையைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியலை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. புது யந்திரம் உறுமி எழுந்து, கார் முதல் கியரில் நகருமுன்னே டயர்கள் கீச்சிட்டுப் புகைவதையும், நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்திலேயே யந்திரம் மூச்சு வாங்குவதையும், சில வாரங்களில் பின் இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லிய ஊளையொன்று கிளம்புவதையும் கண்ட பிறகுதான் அந்தப் பானையின் ஞாபகம் வருகிறது.

பெரிய யந்திரத்துக்குப் பெரிய டிஃபரன்ஷியல் வேண்டும் என்பது பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் உபதேசம். அதைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் காண வேண்டுமானால், யந்திரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் பழக்கத்தை விட்டு, சாலையில் பதிந்திருக்கும் டயரிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த முறையின் நியாயத்தை விளக்குவதற்கு, ஏறக்குறைய ஒரே காரில் சிறிய யந்திரத்தையும் பெரிய யந்திரத்தையும் தொழிற்சாலையே பொருத்தி விற்ற உதாரணம் ஒன்று வாய்த்தால் நல்லது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கேயுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்னும் கார் அப்படிப்பட்டது.

எம்ஜிபியின் பூர்வ யந்திரம் 1798 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் யந்திரம். பி-சீரிஸ் என்பது அதன் குலப்பெயர். நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு காலம் ஓடிய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் யந்திரமும் அதே குலத்தில் பிறந்தது என்பதால், அதன் பொறுமையும் கரகரப்பும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. எம்ஜிபியில் அது சுமார் 95 குதிரைசக்தியையும் 149 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையையும் தந்தது. இதே சமயத்தில் அமெரிக்காவில் பியூக் நிறுவனம் 1961-இல் வெளியிட்டுச் சில ஆண்டுகளிலேயே கைவிட்ட அலுமினிய வி-8 யந்திரத்தின் உரிமையை, ரோவர் நிறுவனம் 1965-இல் வாங்கிச் சீர்ப்படுத்தியிருந்தது. 3528 சிசி கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்டிருந்தும், அலுமினிய வார்ப்பாக இருந்த காரணத்தால் அது வார்ப்பிரும்பிலான நான்கு சிலிண்டர் யந்திரத்தைவிட எடை கூடியதாக இல்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைந்தே இருந்தது. கென் கோஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970-ஐ ஒட்டி இதை எம்ஜிபிக்குள் பொருத்தி விற்கத் தொடங்கி வெற்றி கண்டார். அதைக் கண்டு விழித்துக்கொண்ட தொழிற்சாலை, 1973 முதல் 1976 வரை தானே 2591 வி-8 கார்களைத் தயாரித்தது. குதிரைசக்தி 137 ஆயிற்று. முறுக்குவிசை 262 நியூட்டன்-மீட்டர் ஆயிற்று. அப்போது பின் அச்சில் அவர்கள் செய்த முக்கியமான மாறுதல், பார்வைக்கு மிக அற்பமானது: பதினோரு பல் கொண்ட ஒரு சிறு சக்கரத்தை எடுத்துவிட்டுப் பதினான்கு பல் கொண்ட ஒன்றை வைத்தார்கள். மூன்று பற்கள் கூடியதில் என்ன விசேஷம் இருக்கிறது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

அந்த இரும்புப் பானைக்குள் மூன்று காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன. காரின் நீளவாட்டில் சுழன்று வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சி, குறுக்குவாட்டிலுள்ள சக்கரங்களுக்குச் செங்கோணமாகத் திருப்பப்படுவது ஒன்று. அப்படித் திருப்பும்போதே சுழற்சியின் வேகத்தைக் குறைத்து முறுக்கைப் பெருக்குவது மற்றொன்று. பெருக்கிய முறுக்கை இடது வலது சக்கரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஆயினும் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல அநுமதிப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பினியன் என்ற சிறு பற்சக்கரமும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் சேர்ந்து செய்கின்றன. மூன்றாவதைச் செய்யும் சின்னஞ்சிறு பற்சக்கரக் கூட்டத்துக்கே உண்மையில் டிஃபரன்ஷியல் என்று பெயர். வழக்கிலோ பானை முழுவதையும் அந்தப் பெயராலேயே அழைக்கிறோம்.

இந்த மூன்றாவது காரியத்தின் அவசியத்தைத் திருவிழாவில் தேர் திரும்பக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேர் வீதி மூலைக்கு வந்ததும் உள்பக்கச் சக்கரம் அசையாமல் நிற்க, வெளிப்பக்கச் சக்கரம் ஒரு பெரிய வில்லை வரைந்துகொண்டு நகர வேண்டியிருக்கிறது. முட்டுக்கட்டை போடுகிறவரின் சாமர்த்தியமெல்லாம் இந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதில் அடங்கியிருக்கிறது. மாட்டு வண்டிக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஏனென்றால் அதன் சக்கரங்கள் இருசின் மேல் தனித்தனியே சுழல்பவை, மாடு இழுக்க உருள்பவை. சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டுமென்ற நிலை வரும்போதுதான் இரண்டையும் ஒரே தண்டில் பிணைக்க நேர்ந்து, வளைவுகளில் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபட நேர்கிறது. எம்ஜிபியின் இரு பின் சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.25 மீட்டர் தூரம். அது ஒரு செங்கோணத் திருப்பத்தில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 1.96 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும்; வளைவு அகலமானதா குறுகியதா என்பதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை என்பது க்ஷேத்திர கணிதத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அந்தக் காரின் டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 1.89 மீட்டர் போகும். ஆகவே ஒவ்வொரு தெருமுனையிலும் வெளிச்சக்கரம் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. அந்த ஒரு சுற்றைச் சண்டை சச்சரவின்றிக் கொடுத்து வாங்குவதற்கான பற்சக்கர உபாயத்துக்குப் பிரான்சில் பெக்கர் என்ற கடிகார வினைஞர் 1820-களின் இறுதியில், நீராவி வண்டிக்கென்று, காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் பின் அச்சின் இருதயம் பிறந்துவிட்டது.

இனி இரண்டாவது காரியத்துக்கு வருவோம். தேர்வு என்பது பெரும்பாலும் அதைப் பற்றியது. எம்ஜிபியின் கிரவுன் சக்கரத்தில் 43 பற்கள், பினியனில் 11. புரொப்பல்லர் ஷாஃப்ட் 43 முறை சுழன்றால் பின் சக்கரம் 11 முறை சுழலும், அதாவது 3.909-க்கு ஒன்று என்ற விகிதம். வி-8 காரில் அதே 43-க்கு எதிரே 14 பற்கள், விகிதம் 3.071. இங்கே ஓர் ஐயம் எழலாம்: 44 பல்லும் 11 பல்லும் வைத்து நான்குக்கு ஒன்று என்று அழகாக முடித்திருக்கலாமே, இந்தப் பின்னங்கள் எதற்கு? விடை நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. கிழமைகள் ஏழு, நட்சத்திரங்கள் இருபத்தேழு. இரண்டுக்கும் பொதுவான வகு எண் இல்லாததால், நாளுக்கொரு நட்சத்திரம் என்று கணக்களவில் வைத்துக்கொண்டால், ஒரு திங்கட்கிழமை ரோகிணி வந்தபின் மறுபடி திங்களும் ரோகிணியும் கூடுவதற்கு 189 நாட்கள் ஆகும். இடையே ரோகிணி எல்லாக் கிழமைகளையும் கண்டுவிடும். நட்சத்திரங்கள் இருபத்தெட்டாக இருந்தால் ரோகிணி என்றென்றும் திங்கட்கிழமையிலேயே சிறைப்பட்டிருக்கும். பற்களின் கதையும் இதுவேதான். நான்குக்கு ஒன்று என்று வைத்தால் பினியனின் ஒரே பல் கிரவுனின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுவதும் சந்தித்துக்கொண்டிருக்கும்; ஒரு பல்லில் சிறு வடு இருந்தால் அந்த நான்கில் மட்டும் அது ஆழப் பதிந்துவிடும். 43 பகா எண் ஆகையால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்பட்டு, சத்தமும் அடங்கிவிடுகிறது.

இப்போது டயரிலிருந்து கணக்கைத் தொடங்குவோம். முழு வேகத்தில் கிளம்பும்போது எம்ஜிபியின் பின் சக்கரங்கள் இரண்டின் மேலும் சேர்ந்து 650 முதல் 700 கிலோ வரை பாரம் விழுவதாகவும், உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் 0.8 என்றும், சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்தச் சக்கரங்கள் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்கு சுமார் 1530 முதல் 1650 நியூட்டன்-மீட்டர் வரைதான். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அது கார் முன்னே போவதற்கு உதவாது; ரப்பரைப் புகையாக்குவதற்குத்தான் உதவும். பிற்கால எம்ஜிபியின் முதல் கியர் விகிதம் 3.44. பழைய யந்திரத்தின் 149-ஐ 3.44-ஆலும் 3.909-ஆலும் பெருக்கினால், உராய்வு நஷ்டங்களைக் கழிக்காமல், சுமார் 2000 வருகிறது. நஷ்டத்தைக் கழித்துப் பார்த்தால் டயரின் எல்லைக்குச் சற்றே மேலே. ஆபிங்டன் பொறியியலார் மிகவும் யோசித்தே அந்த விகிதத்தை அமைத்திருக்கிறார்கள்.

அதே கியர்பாக்ஸையும் அதே பின் அச்சையும் வைத்துக்கொண்டு வி-8 யந்திரத்தை மட்டும் மாட்டினால் 2000 என்பது 3500-ஆகிவிடும். டயர் தாங்குவதைப் போல் இருமடங்கு. இரண்டாவது கியரில்கூட டயரின் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே முதல் கியர் வெறும் அலங்காரமாகி, நான்கு கியர் வண்டி மூன்று கியர் வண்டியாகச் சுருங்கிவிடும். பினியனில் மூன்று பற்களைக் கூட்டி விகிதத்தை 3.071-ஆகத் தாழ்த்தியவுடன் முதல் கியரின் முறுக்கு 2770-க்கு இறங்குகிறது. இரண்டாவது கியரிலோ அது சுமார் 1740, அதாவது பழைய காரின் முதல் கியருக்குக் கிட்டத்தட்ட சமமான ஸ்தானம். தொழிற்சாலை இதோடு நிற்காமல் கியர்பாக்ஸின் முதல் கியரையும் சற்றுத் தாழ்த்தியது. வலிமை மிகுந்த யந்திரத்துக்குப் பின்னால் முறுக்கைக் குறைவாகப் பெருக்கும் அச்சுத்தான் வேண்டும் என்ற, கேட்பவருக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும் விதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

இனி நெடுஞ்சாலைக் கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், நேர் கியரில், பழைய அச்சு யந்திரத்தை நிமிடத்துக்குச் சுமார் 3450 சுற்று சுற்ற வைக்கும். புது அச்சு 2710-இல் முடித்துவிடும். அந்த வி-8 யந்திரம் தன் உச்ச சக்தியை 5000 சுற்றில் தருகிறது. அந்தச் சுற்றில் பழைய அச்சோடு கார் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தொடும், புது அச்சோடு 185-ஐத் தொடும். பழைய அச்சை வைத்துக்கொண்டால், தாழ்ந்த சுற்றிலேயே நிறைந்த முறுக்கைத் தரும் ஒரு பெரிய யந்திரத்தைச் சிறிய யந்திரத்தின் பரபரப்போடு ஓடச் செய்கிறோம். யானையைத் தையல் மெஷின் மிதிக்க வைப்பதுபோல. இதற்கு மாற்றாக, ஓவர்டிரைவ் பொருத்தினாலோ ஐந்தாவது கியருள்ள கியர்பாக்ஸைக் கொண்டுவந்தாலோ போதாதா என்று பலர் கேட்பார்கள். ரோவர் குலத்து ஐந்து கியர் பெட்டிகளில் ஐந்தாவதின் விகிதம் 0.79 என்ற அளவில் இருக்கும், 3.909-ஐ அதனால் பெருக்கினால் 3.09, அதாவது புது அச்சின் நேர் கியர் விகிதத்துக்கு மிக அருகில். கணக்கு சரிதான், ஆனால் அது தலைப்பக்கத்து நோயைத்தான் தீர்க்கிறது, கால் பக்கத்து நோய் அப்படியே நிற்கிறது. முதல் கியர் முன்போலவே ரப்பரைப் புகைத்துக்கொண்டிருக்கும்.

எதிர்ப்புறத்திலும் ஓர் எல்லை உண்டு. விகிதத்தை மிகவும் தாழ்த்தி, அதற்குமேல் ஐந்தாவது கியரையும் சேர்த்தால், அந்த ஐந்தாவது கியர் சமவெளியிலும் பின்காற்றிலும் மட்டுமே பயன்படும். மேட்டிலும் நெரிசலிலும் யந்திரம் இருமி, கிளட்ச் தட்டு தேய்ந்து கருகும். இதே வம்சத்தில் 1990-களின் தொடக்கத்தில் 3.9 லிட்டர் வி-8 யந்திரத்தோடும் ஐந்து கியர்களோடும் வெளிவந்த எம்ஜி ஆர்வி8 காரைத் தயாரித்தவர்கள், யந்திரம் முன்னதைவிட வலியதாக இருந்தும், 3.071-க்குப் போகாமல் 3.31 என்ற விகிதத்தைத் தேர்ந்தார்கள். ஓட்டத்தின் பொறுப்பை ஐந்தாவது கியர் ஏற்றுக்கொள்வதால், அச்சு சற்று இழுவைப் பக்கம் சாயலாம் என்பது அதன் தாத்பரியம். ஆகவே அச்சின் விகிதத்தைத் தனியே கேட்பதில் அர்த்தமில்லை. டயரின் சுற்றளவு, கடைசி கியரின் விகிதம், முதல் கியரின் விகிதம், யந்திரம் சுகமாக ஓடும் சுற்று ஆகிய நான்கும் தெரிந்த பிறகு, ஐந்தாவதாக வந்து விழும் விடை அது.

விகிதம் தீர்ந்தால் பலம் எஞ்சுகிறது. இங்கும் டயர்தான் நீதிபதி. நிதானமாக ஓட்டுகிற வரையில், யந்திரம் எவ்வளவு பெரிதாயினும், டயர் பிடித்து நிற்கும் முறுக்குக்கு மேல் பின் அச்சுக்குப் போய்ச் சேராது. டயர் வழுக்கத் தொடங்கியதும் பற்களின் மேலுள்ள பாரம் அங்கேயே நின்றுவிடும். மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ, அப்படி அச்சுக்கு டயர். வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிட்டுச் சுவருக்குள்ளிருக்கும் வயரை எரித்துக்கொள்கிறவர்களைப் போல, சக்கரம் வழுக்குகிறதே என்று அகலமான, பிசுபிசுப்பான பந்தய டயர்களைப் போட்டுவிட்டு, பிறகு ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தது, பினியன் பல் உதிர்ந்தது என்று அங்கலாய்க்கிறவர்கள் பலர். அச்சின் பலத்தை நிர்ணயிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி யந்திரத்தின் குதிரைசக்தி என்ன என்பதல்ல. போடப்போகும் டயர் எது, எப்படி ஓட்டப் போகிறோம் என்பதுதான். கிளட்சை ஒரே உதறலாக விட்டுக் கிளம்பும்போது, சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலின் வேகமெல்லாம் ஒரு கணத்தில் பல்லின் மேல் சம்மட்டி அடியாக விழுகிறது. அந்த அடிக்கு மட்டும் எந்த ஃபியூஸும் காவல் இல்லை.

இங்கே அந்த மூன்று பற்கள் இன்னொரு நன்மையையும் செய்கின்றன. கிரவுனின் விட்டமும் பற்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய மாறாமலிருக்க, 11 பல் பினியனைவிட 14 பல் பினியன் கால் பங்குக்குக் குறையாமல் பருத்திருக்கும். சக்கரத்தின் முறுக்கு ஒன்றாக இருக்கும்போது பல்லோடு பல் மோதும் விசையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பருத்த பினியனின் கழுத்து தடித்தது, ஒரே சமயத்தில் கடித்து நிற்கும் பற்களின் பங்கும் கூடியது. வேகத்துக்காகச் செய்த மாறுதல் பலத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: பினியன் பருத்தால் கிரவுன் சக்கரம் சற்று விலகி உட்கார வேண்டும், அதனால் பல அச்சுகளில், விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால், கிரவுனைத் தாங்கும் கூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். கிரவுன்-பினியனை மட்டும் வாங்கி வந்துவிட்டுப் பொருந்தவில்லையே என்று விழிப்பவர்கள் இந்த சூட்சுமத்தை அறியாதவர்கள்.

பழைய அச்சு எந்த வகையிலும் போதாதென்று தீர்மானமானால், வேறு காரின் அச்சையே கொண்டுவர நேரும். அமெரிக்க ரசிகர்கள் 1957 முதல் 1980-களின் நடுவரை வெளிவந்த ஃபோர்டு ஒன்பது அங்குல அச்சை இன்றும் தேடி அலைவதற்குக் காரணங்கள் உண்டு. அதன் பினியன், வழக்கமான இரண்டு பேரிங்குகளோடு, மூக்கு நுனியிலும் ஒரு மூன்றாவது பேரிங்கால் தாங்கப்படுகிறது. ஆகையால் பாரம் ஏறும்போது வளைந்து விலகுவதில்லை. அச்சைக் காரிலிருந்து இறக்காமலே பற்சக்கரக் கூட்டம் முழுவதையும் முன்புறமாகக் கழற்றி எடுத்துவிடலாம். ஆனால் அதன் பினியன் கிரவுனின் மையத்துக்கு வெகுவாகத் தாழ்ந்து அமைந்திருப்பதால், பற்கள் உருளுவதோடு ஒன்றையொன்று நெடுகத் தேய்த்துக்கொண்டும் செல்கின்றன. அந்தத் தேய்ப்பில் பலமும் அமைதியும் கிடைக்கும் அளவுக்கு, கொஞ்சம் சக்தி உஷ்ணமாகக் கழிந்தும் போகிறது. டிஃபரன்ஷியல் எண்ணெயைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை, இந்தத் தேய்ப்பைத் தாங்குவதற்காகவே சேர்க்கப்பட்ட ரசாயனத்தின் வாடை. ஒரு சிறிய, இலகுவான காருக்கு அப்படிப்பட்ட பீம அச்சைப் பொருத்துவது, ஸ்பிரிங்குக்குக் கீழே குதிக்கும் பாரத்தைக் கூட்டி, மேடு பள்ளங்களில் சக்கரம் தரையை விட்டெழும்பச் செய்து, அழகாக ஓடிய காரை முரட்டு வண்டியாக்கிவிடும். பலம் வேண்டியதுதான், வேண்டிய அளவுக்கே வேண்டும்.

முறுக்கைப் பங்கிடும் விஷயத்திலும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கையே அளிக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், ஒரு சக்கரம் சேற்றில் நின்றால் அதற்குத் தேவைப்படும் அற்ப முறுக்கே மற்றதற்கும் பங்காகக் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுழல, மற்றது சும்மா நிற்கும். இரு சக்கரங்களையும் தாங்கும் முழு அச்சுள்ள கார்களில் இன்னொரு வினோதமும் உண்டு: புரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்கு அச்சு முழுவதையும் புரட்டப் பார்ப்பதால், பலமாகக் கிளம்பும்போது வலது பின் சக்கரத்தின் மேலிருக்கும் பாரம் குறைந்து, அதுவே முதலில் வழுக்கும். யந்திரம் வலுக்க வலுக்க இது கூடும். இதற்குப் பரிகாரமாக, கிளட்ச் தட்டுகளாலோ திருகு போன்ற பற்சக்கரங்களாலோ இரு பக்கங்களையும் ஓரளவு பிணைத்து, வழுக்காத சக்கரத்துக்குக் கூடுதல் பங்கு கொடுக்கும் டிஃபரன்ஷியல்கள் தோன்றின. மேற்சொன்ன ஆர்வி8 காரில் முறுக்கை உணர்ந்து பங்கிடும் இரண்டாம் வகை பொருத்தப்பட்டது. அமைதியாகச் சவாரி செய்ய விரும்புகிறவருக்கும் அதுவே உகந்தது. தட்டு வகை வளைவுகளில் சிறிது முரண்டு பிடிக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் அச்சின் விகிதத்தை அறிவதெப்படி? அது காரோடு இருந்தால் எளிது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தைத் தரையிலேயே விட்டு, மற்றதை ஜாக்கியில் தூக்கித் தாங்கு வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கைத் தளர்த்தி, புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஏறக்குறைய நான்கு வந்தால் பழைய எம்ஜிபி அச்சு, மூன்றுக்குச் சற்று மேல் வந்தால் வி-8 அச்சு. ஏன் இரண்டு சுற்று? தரையில் நிற்கும் சக்கரம் அசையாததால், கிரவுன் சக்கரம் இரண்டின் சராசரியாக ஒரே சுற்றுத்தான் சுற்றும். டிஃபரன்ஷியலின் தத்துவம் முழுவதும் அந்தச் சாக்கட்டிக் கோட்டில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பொருத்துவதிலுள்ள நுட்பம் தனி வித்தை. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே பிறந்து ஜோடியாகவே மாற்றப்பட வேண்டியவை; ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிச்சயம். அநுபவமுள்ள மெக்கானிக் கிரவுனின் சில பற்களில் வர்ணப் பசையைத் தடவி, கையால் சுழற்றி, பினியன் விட்டுச்சென்ற தடத்தை விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். தடம் பல்லின் அடிவேரில் விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே இருக்கிறது. நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. காகிதம் போன்ற சிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழும்வரை அவர் ஓய்வதில்லை. பற்களுக்கிடையே விட வேண்டிய தளர்வு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான். அச்சின் மொத்த அகலம், ஸ்பிரிங் உட்காரும் இடங்களின் தூரம், புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனை ஜாயின்டுகளும் ஒன்றுக்கொன்று சமமான கோணத்தில் நிற்பது ஆகியவையும் அளந்து பார்க்க வேண்டியவை. ஜாயின்டுகளின் கோணம் பிசகினால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறைந்து, கார் முழுவதும் அதிர்ந்துகொண்டே ஓடும்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். எம்ஜிபியில் அதன் கம்பி கியர்பாக்ஸிலிருந்து புறப்படுவதால், பின் அச்சை மாற்றிய விஷயம் அதற்குத் தெரியவே தெரியாது. முள் 79-ஐக் காட்டும்போது கார் உண்மையில் 100-இல் போய்க்கொண்டிருக்கும். பற்களைத் திரும்பத் திரும்ப எண்ணிச் சரிபார்த்தவர்கூட இந்தக் கம்பியை மறந்துவிட்டு, யந்திரம் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, வேகம் போதவில்லையோ என்று மிதியை இன்னும் அழுத்துவது உண்டு. மூன்று பற்கள் தந்த நிதானத்தை முழுவதும் அநுபவிக்க வேண்டுமானால், அந்த முள்ளுக்கும் புதுக் கணக்கைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.